ஊருக்குப் போகாத பெண்ணுக்கு வந்த பொதி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சுவிற்சர்லாந்தின் நொஷாட்டல் நகரில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்தின் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகள் பணியாற்றி, அண்மையில் ஓய்வுபெற்றவள் நான். எனது ஆசனத்தில் இப்போது அமர்ந்திருப்பவர் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். சென்ற மாதம் அவர் தொலைபேசியில் என்னிடம் ஒன்று கேட்டார்.

"அன்ரி, இப்ப காப்புறுதியே அந்தத் தடுப்புக் குளிசையை ஏத்துக்கொண்டிட்டுது. பிறகும் ஏன் ஆபிரிக்கப் பிள்ளையள் வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போகினம்?"

அவர் குறிப்பிட்டது, மருத்துவக் காப்பீடு இப்போது செலவை ஏற்கும், எச்.ஐ.வி. தொற்று வராமல் முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரையை. அக்கேள்விக்குத் தொலைபேசியில் விடை சொல்லி முடிக்க இயலாது என்று உணர்ந்தமையால், குடியேறியோரின் அனுபவக் குறிப்புகளைச் சேகரித்துவரும் உங்களுக்கு இதனை எழுதத் துணிந்தேன். இதில் வரும் பெயர்கள் யாவும் மாற்றப்பட்டவை. நான் மிரேய் என்று அழைக்கும் பெண்ணிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்கோ அன்ரி, ஆனால் அந்தப் பார்சலை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றாள். பிரெஞ்சு மொழியில் நிகழ்ந்த உரையாடல்களை எங்கள் ஈழத் தமிழ்ப் பேச்சிலேயே தருகிறேன். அவை என் நினைவில் அப்படித்தான் பதிந்திருக்கின்றன.

உயர்கல்வி எனக்கு வாய்க்கவில்லை. இந்நாட்டுக்கு வந்த புதிதில் லா ஷோ-து-ஃபோன் என்ற மலை நகரில் கைக்கடிகாரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சிறு இடுக்கியோடு அமர்ந்திருந்தேன். அங்கு ஆட்குறைப்பு வந்ததும் மலையிலிருந்து ஏரிக்கரையிலுள்ள நொஷாட்டலுக்கு இறங்கி, ஒரு சமையற்கூடத்திலும் பின்னர் அந்தச் சிகிச்சை நிலையத்தில் துப்புரவுப் பணியிலும் சேர்ந்தேன். பிரெஞ்சு மொழியை வானொலியிடமும், மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களிடமும் கற்றேன். ஒருமுறை வரவேற்பாளர் சுகவீனமுற்றபோது, "நீங்கள் கொஞ்ச நாளைக்கு மேசைக்கு வாங்கோ" என்று என்னை அழைத்தவர் தலைமைத் தாதி மதாம் ரொஷா. அந்தக் கொஞ்ச நாள் நான் ஓய்வுபெறும்வரை நீண்டது.

மதாம் ரொஷாவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் தம் தந்தையாரின் கடிகாரத்தை வெள்ளை மேலங்கியில் தலைகீழாகக் குத்தியிருப்பார். காத்திருப்போரின் பெயரை உரத்து அழைக்கும் வழக்கம் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. எழுந்து சென்று, உரியவரின் பக்கவாட்டில் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்து, "இப்ப உங்களுக்கு வசதியோ?" என்பார். ஏதோ தேநீர் விருந்துக்கு அழைப்பதுபோல் இருக்கும். எனக்கு அவர் முதலில் பழக்கியதும் அதுவே. மேசைக்கு வருபவரிடம் "என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்கக் கூடாது, "ஆரைச் சந்திக்க வேணும்?" என்றே கேட்க வேண்டும். இன்னொரு வாக்கியத்தையும் மனனம் செய்ய வைத்தார். யாராவது இன்னொருவரைத் தேடி வந்தால், அவர் வாழ்க்கைத் துணையாயினும் பெற்றோராயினும் காவல் துறையினராயினும், சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "இஞ்ச ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு என்னாலை சொல்லேலாது." முகம் சுளிக்காமல், குரல் உயராமல் சொல்ல வேண்டும் என்று பலமுறை ஒத்திகை பார்த்தோம். அவரே கோபக்காரக் கணவனாக நடித்து மேசையில் தட்டுவார். நன்றாகவே நடிப்பார்.

எங்கள் மாடியில் இரு பணிகள் நடைபெற்றன. ஒன்று, வெப்ப நாடுகளுக்குப் பயணம் செய்வோருக்கான தடுப்பூசி, அது வியாழக்கிழமைகளில். மற்றையது பாலியல் நலன் பற்றிய ஆலோசனை, அது புதன்கிழமைகளில். உறவினரிடம் நான் முதலாவதை மாத்திரமே சொல்லி வந்தேன். பேர்ண் நகரில் உள்ள தமிழ்க் கோயிலுக்குப் போனால் என் மைத்துனி, "மச்சாள், நீங்கள் எந்தப் பகுதியில வேலை?" என்று கேட்பார். "பயணம் போற ஆக்களுக்கு ஊசி போடுற பகுதி" என்பேன். "அப்ப இந்தியா போகேக்குள்ள உங்களிட்டத்தான் வரவேணும்" என்று அவர் மகிழ்வார். புதன்கிழமை என்பது எங்கள் குடும்பத்தாருக்குத் தெரியாத ஒரு நாளாகவே இருந்தது.

அந்தப் புதன்கிழமைகளில்தான் ஒன்றைக் கவனித்தேன். எனது மேசைக்கு நேரெதிரே மின்தூக்கி. கதவு திறக்கும், உள்ளே ஓர் இளம் பெண், பெரும்பாலும் கமரூன், கொங்கோ, எரித்திரியா ஆகிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவள். அவள் காத்திருப்போர் வரிசையை ஒருமுறை நோட்டமிடுவாள். சுவரில் இரு ஆடவர் தோளணைத்து நிற்கும் தடுப்பு மாத்திரை விளம்பரப் படத்தைப் பார்ப்பாள். கதவு மூடும், மின்தூக்கி கீழே இறங்கிவிடும். மாலையில் கணினியில் அவள் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று பதியப்படும்.

மதாம் ரொஷாவிடம் சொன்னேன். "மதாம், அந்தப் பிள்ளையள் வராமல் விடேல்லை. வருகினம். வெளியில காலடி வைக்கேல்லை, அவ்வளவுதான்."

அவர் அடுத்த புதன்கிழமை தமது கோப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் அருகே ஒரு நாற்காலியில் அமர்ந்தார். கதவு திறந்து, முகம் தெரிந்து, மூடியதை அவரும் கண்டார். கோப்பி ஆறிப்போயிற்று. பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது.

"இந்தப் பிள்ளையள் முதல்ல எட்டிப் பாக்காமல், நேரா வெளியில வாற நாள் எது?"

"வியாழக்கிழமை," என்றேன். "ஊருக்குப் போறதுக்கு ஊசி போட வருவினம். அதுக்கு ஆரும் வெக்கப்படுறேல்லை. பெருமையாத்தான் இருப்பினம்."

இவ்வாறு ஆலோசனை நேரத்தின் ஒரு பகுதி வியாழக்கிழமைக்கு மாறியது. ஒரே வரிசை, ஒரே நாற்காலிகள், ஒரே வணக்கம். சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் வேறு சில படங்களும் வந்தன. யாராவது அறிந்தவர்கள் கண்டு கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கிய பெண்களுக்கு, நான் என் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு யோசனை வழங்கினேன். "ஊருக்குப் போறன், ஊசிக்கு வந்தனான் எண்டு சொல்லுங்கோ." அது மிகப் பாதுகாப்பான விடை என்று எனக்குத் தோன்றியது. பேர்ணில் எனக்கு அது ஒருநாளும் பிழைத்ததில்லையே.

அவ்வாறு வந்தவள்தான் மிரேய். வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்புத் தொழில் பயின்றுகொண்டிருந்தாள். பெற்றோர் கமரூனைச் சேர்ந்தவர்கள். முதல் சந்திப்பில் அவள் அனுமதியோடு நானும் அறையில் இருந்தேன். இப்புது ஏற்பாட்டை மேசைப்பக்கமிருந்து நான் அறிய வேண்டும் என்பது மதாம் ரொஷாவின் விருப்பம்.

"நான் ரெண்டு டொக்டரிட்டைப் போனனான்," என்றாள் மிரேய். "முதலாவது டொக்டர் சொன்னார், இது ஆம்பிளையளோட போற ஆம்பிளையளுக்கு, உமக்குத் தேவையில்லை எண்டு. ரெண்டாவது டொக்டர் என்னைக் கீழ மேலப் பாத்திட்டு, நீர் அந்தத் தொழில் செய்யிறீரோ எண்டு கேட்டார். நான் கிழவிமாருக்கு நகம் வெட்டி விடுற தொழில் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

மதாம் ரொஷா சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்காகவும் நான் மன்னிப்புக் கேக்கிறன்," என்றார். "இப்ப சொல்லுங்கோ, உங்களுக்கு ஏன் வேணும்?"

"எனக்கு ஒருத்தர் இருக்கிறார். லொசானில. நல்லவர். ஆனால் எச்.ஐ.வி. ரெஸ்ற் எடுங்கோ எண்டால் நாளைக்கு எண்டுறார். அவரின்ர நாளைக்காக நான் காத்திருக்கேலாது."

அந்த வாக்கியத்தை நான் பிற்காலத்தில் பலமுறை நினைத்ததுண்டு. எந்த விளம்பரப் படத்திலும் அத்தகைய தெளிவை நான் கண்டதில்லை.

நடைமுறை இது. முதலில் குருதிப் பரிசோதனை. தொற்று ஏற்கனவே இல்லை என்பது உறுதியாக வேண்டும். தொற்றிவிட்டவருக்கு வேறு சிகிச்சை உண்டு, இம்மாத்திரை மட்டும் போதாது. சிறுநீரகம், ஈரல் அழற்சி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். மருத்துவர் கையொப்பமிட்டதும் மாத்திரை தொடங்கும். பெண்கள் நாள்தோறும் தவறாது உட்கொள்ள வேண்டும். பாதுகாப்பு முழுமையடைய ஒரு வாரம் வரை பொறுக்க வேண்டும். பின்பு சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து மீண்டும் பரிசோதனை. இவை எந்தத் துண்டுத்தாளிலும் உள்ளவை. மதாம் ரொஷா கேட்ட கடைசிக் கேள்வி எதிலும் இல்லாதது.

"ஒரு நாளில, யோசிக்காமல் நீங்கள் செய்யிற வேலை எது?"

மிரேய் சற்றுச் சிந்தித்தாள். "படுக்க முதல் தலைக்குத் தொப்பி போடுறனான். பின்னல் குழம்பாமல் இருக்கிறதுக்கு. எவ்வளவு களைச்சாலும் போடுவன்."

"அப்ப குளிசை அந்தத் தொப்பியோட இருக்கட்டும்," என்றார் மதாம் ரொஷா.

போத்தல் குலுங்கினால் சத்தம் கேட்கும் என்பதால் மிரேய் அதற்குள் பஞ்சு திணித்தாள். ஒட்டு முடிகள் வைத்திருந்த இழுப்பறையில் தொப்பியின் கீழே வைத்தாள். அவள் வீட்டில் அவ்வகை வெள்ளைப் போத்தலை எவரும் அடையாளம் காண்பர். தாயாரின் தங்கை ஒருவர் கமரூனின் டுவாலா நகரில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார், அவருடைய சிகிச்சை மாத்திரையும் ஏறத்தாழ அதே போன்ற போத்தலில்தான் வரும். அதனைத் தாயார் கண்டால் ஒரே முடிவுக்குத்தான் வருவார். மிரேயின் அச்சம் முழுவதும் அதுவே. ஊரார் பேச்சைக்கூட அவள் அவ்வளவு பொருட்படுத்தவில்லை.

மாத்திரை நன்றாகவே சென்றது. மிரேய் தவணை தவறாமல் வந்தாள். ஒரு வியாழக்கிழமை மின்தூக்கியிலிருந்து பிலோமேன் என்ற அம்மையார் இறங்கினார். மிரேயின் குடும்பம் செல்லும் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர், யாவருக்கும் அன்ரி. தமது முழங்கால் வலிக்காகக் கீழ் மாடிக்கு வந்தவர், பொத்தானைத் தவறாக அழுத்தி எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"மிரேய், நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

"ஊருக்குப் போறன் அன்ரி. ஊசிக்கு வந்தனான்."

"ஊருக்கோ? எப்ப?"

"நத்தாருக்கு. கிறிஸ்மஸ் லீவில."

"அம்மா ஒண்டும் சொல்லேல்லையே."

"இப்பத்தான் முடிவெடுத்தனான்."

நான் கணினியைப் பார்த்தபடி, அவளது சமயோசிதத்தை உள்ளூர மெச்சினேன். பிலோமேன் அன்ரி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிச் சென்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியின் பொருள் அக்கணமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். சுவிஸ் நாட்டவரான மதாம் ரொஷாவுக்கு அது விளங்க நியாயமில்லை. ஆனால் நான் யார்? கொழும்புக்குப் போகிறேன் என்று ஒரு கலியாண வீட்டில் வாய் தவறிச் சொன்ன பாவத்துக்கு, அடுத்தவர் பிள்ளைகளின் சப்பாத்துகளையும் சொக்கிலேற்றுகளையும் மூட்டு வலித் தைலத்தையும் சுமந்து சென்றவள். ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன எவரையும் எவரும் வெறும் பெட்டியோடு விட்டதில்லை. பேர்ணில் நான் ஊசி போடும் பகுதி என்று சொன்னேனே தவிர, போகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பிற்பகலில் மின்தூக்கிக் கதவு திறந்தது. முதலில் வெளிவந்தது ஒரு பை. நீலமும் சிவப்பும் கட்டமிட்ட பெரிய பை. ஒட்டுநாடாவால் பலமுறை சுற்றப்பட்டது. அதன் பின்னால் அதைத் தள்ளியபடி ஓர் அம்மையார். பையை முயன்று தூக்கி என் மேசையின்மேல் வைத்தார். எனக்கும் அவருக்கும் இடையே ஒரு மதில் எழுந்ததுபோல் இருந்தது.

"நான் மிரேயின்ர தாய்," என்றார் பைக்கு அப்பாலிருந்து. "பிலோமேன் இதைக் கொண்டுவந்து என்ர வீட்டில வச்சிட்டுப் போட்டா. தன்ர தங்கச்சிக்குக் குடுக்கச் சொல்லி. என்ர மகள் எந்த ஊருக்குப் போறாள் எண்டு எனக்குத் தெரியாது. இஞ்ச ஊசிக்கு வந்தவள் எண்டு பிலோமேன் சொன்னா, உங்களுக்குத் தெரியும் போல இருக்கு. சொல்லுங்கோ."

மனனம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். முகம் சுளிக்காமல், குரல் உயராமல் சொன்னேன்.

அவர் பையைச் சற்று நகர்த்தி என் முகத்தைப் பார்த்தார். "நீங்களும் ஒரு தாய்தானே."

"ஓம்."

"அப்ப?"

"இஞ்ச ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு என்னாலை சொல்லேலாது அம்மா."

எத்தனையோ ஒத்திகை பார்த்த வாக்கியம் அன்றுபோல் என்றும் கனத்ததில்லை. அவர் கைப்பையைத் திறந்து வெள்ளைப் போத்தலை எடுத்தார். மூடி கழன்றிருந்த வாயில் பஞ்சு தெரிந்தது.

"இது எனக்குத் தெரியாத போத்தல் இல்லை. என்ர தங்கச்சியின்ர கட்டிலுக்குப் பக்கத்தில இதே மாதிரித்தான் இருக்கிறது. நேற்று என்ர மகளின்ர இழுப்பறையில கிடந்துது. எனக்குப் பயணம் வேண்டாம், பார்சல் வேண்டாம். என்ர பிள்ளை எவ்வளவு காலமா இந்த நோயோட வருத்தக்காரியா இருக்கிறாள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

காத்திருந்தோர் அனைவரும் தங்கள் கைத்தொலைபேசிகளைக் குனிந்து பார்த்தனர். மதாம் ரொஷா வந்தார்; வழக்கம்போல் அம்மையாரின் பக்கவாட்டில் நின்றார். "உள்ளுக்கு ஒரு நாற்காலி இருக்கு. தண்ணியும் இருக்கு," என்று அவரை அழைத்துச் சென்றார். செல்லும்போதே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்னறைக்குப் போய் மிரேயின் எண்ணை அழுத்தினேன். முந்தைய இரவு அவளிடம் மாத்திரை இருந்திருக்காது. இன்றிரவும் இல்லையென்றால், நாளையும் இல்லையென்றால், இத்தனை மாதப் பாடும் கைவிட்டுப் போகும்.

"பிள்ளை, உம்மைத் தேடி ஒராள் ஒரு பையோட வந்திருக்கிறா. நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. வாறதும் வராமல் விடுறதும் உம்மடை விருப்பம். நீர் வராட்டியும் ஒண்டும் சொல்ல மாட்டம்."

"அன்ரி, அந்தப் பை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள்.

"என்னை மறைக்குது."

மறுமுனையில் அவள் சிரித்தாள். அது அழுகைக்கு அருகிலிருந்த சிரிப்பு. "வாறன்," என்றாள்.

வயோதிபர் இல்லத்துச் சீருடையோடு பேருந்தில் வந்திறங்கினாள். மின்தூக்கிக் கதவு திறந்தபோது அவள் எட்டிப் பார்க்கவில்லை. நேரே வெளியே வந்தாள். அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் நானும் உள்ளே சென்றேன்.

"அம்மா, எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை," என்றாள் நின்றபடியே. "வராமல் இருக்கிறதுக்குத்தான் அது."

தாயார் நம்பவில்லை. மகளை விடுத்து மதாம் ரொஷாவைப் பார்த்தார். மதாம் ரொஷாவோ மிரேயைப் பார்த்து, "நான் விளக்கட்டோ?" என்று கேட்டார். அவள் தலையசைத்த பின்னரே வாய் திறந்தார். தங்கையின் மருந்தும் இம்மருந்தும் உறவு முறையானவை, ஆனால் ஒன்றல்ல என்றார். ஒன்று வந்த தொற்றை அடக்கி வைப்பது. மற்றையது தொற்றை உள்ளே விடாமல் தடுப்பது. பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் மிரேயே தன் கைத்தொலைபேசியில் எடுத்துத் தாயாரிடம் நீட்டினாள்.

"அப்ப, வருத்தம் வாறதுக்கு முதலே குடிக்கிறதோ?"

"ஓம்."

"சுகமா இருக்கிற பிள்ளை?"

"சுகமாவே இருக்கிறதுக்கு."

தாயார் போத்தலை உள்ளங்கையில் உருட்டினார். "என்ர தங்கச்சிக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "சரி. ஆர் அந்தப் பெடியன்?"

"அம்மா, அது வேற கதை."

"அவன் ஏன் ரெஸ்ற் எடுக்கேல்லை?"

"அதுக்குத்தானே நான் இதைக் குடிக்கிறன்."

தாயார் அதனை யோசித்தார். மதாம் ரொஷாவைப் பார்த்து, "இவள் என்னை மாதிரி இல்லை. எனக்கு இந்தப் புத்தி இருந்ததில்லை," என்றார். போத்தலை மகள் கையில் வைத்து, அவள் விரல்களைத் தாமே மடித்துவிட்டார். "நேற்றையான் குளிசை தவறிப் போச்சுது. இண்டைக்கு விடக்கூடாது. அது சரி, அந்தப் பையை என்ன செய்யிறது? பிலோமேனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"போறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மிரேய். "நத்தாருக்குப் போறன். சின்னம்மாவையும் பாக்க வேணும்."

அன்று மாலை அவளுக்கு உண்மையாகவே பயண ஊசிக்கு நேரம் பதிந்துகொடுத்தேன். மதாம் ரொஷா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "இனிமேல் ஒருத்தருக்கும் ஊருக்குப் போறன் எண்டு சொல்லப் பழக்க வேண்டாம். ஒண்டும் சொல்லாமல் இருக்கப் பழக்குவம். அந்தப் பைகளை வைக்க எங்களிட்ட இடமில்லை," என்றார். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது மிக அரிது.

நத்தார் விடுமுறையில் மிரேயிடமிருந்து ஒரு படம் வந்தது. டுவாலாவில் ஒரு மேசை; அருகருகே இரு வெள்ளைப் போத்தல்கள்; பின்னால் சின்னம்மாவும் அவளும், இருவர் தலையிலும் இரவுத் தொப்பி. இருவரும் மாத்திரையை நாக்கில் வைத்தபடி கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதனை மதாம் ரொஷாவிடம் காட்டினேன். அவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் சற்று நேரம் குனிந்திருந்தார்.

ஊரிலிருந்து திரும்புபவரையும் வெறும் பெட்டியோடு விடமாட்டார்கள் அல்லவா? பிலோமேன் அன்ரிக்கு அவர் தங்கை கருவாடும் வேர்க்கடலையும் கொடுத்தனுப்பினாராம். அதை ஒப்படைக்கச் சென்ற மிரேய், அன்ரியின் சமையலறையில் அமர்ந்து அனைத்தையும் தானே சொல்லியிருக்கிறாள். இனி ஒரு பொய்க்காகப் பொதி சுமக்க அவளுக்கு விருப்பமில்லை. அன்ரி என்ன நினைத்தார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பல வாரங்கள் எந்தச் செய்தியும் இல்லை. மிரேய் மட்டும் வந்துபோனாள். முடிவுகள் ஒவ்வொரு முறையும் நாம் விரும்பியவாறே இருந்தன. லொசான்காரரும் கடைசியில் பரிசோதனைக்கு வந்தார். அவரை அழைத்து வந்தவர் மிரேயின் தாயார் என்பதை மட்டும் குறிப்பிட்டு, அக்கதையை விடுகிறேன்.

எனது பணிக்காலத்தின் இறுதி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காத்திருப்போர் வரிசை நிறைந்திருந்தது. மின்தூக்கிக் கதவு திறந்தது. பிலோமேன் அன்ரி, ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் தம் மூத்த பேத்தியின் மணிக்கட்டு. பாடகர் குழுவை நடத்துபவருக்குரிய குரலில், மேசைக்கு வருமுன்பே சொன்னார்:

"ஊசிக்கு இல்லை. இவள் ஒரு இடமும் போகேல்லை. மற்ற விசயத்துக்கு வந்தனாங்கள்."

ஒருவரும் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கவில்லை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வரிசையின் ஓரத்தில், முகத்தைக் கழுத்துத் துணியால் பாதி மறைத்து அமர்ந்திருந்த ஓர் இளம் பெண் அத்துணியை மெல்லக் கீழே இறக்கினாள். நான் எழுந்து சென்று, அன்ரியின் பக்கவாட்டில் நின்று, "இப்ப உங்களுக்கு வசதியோ?" என்று கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பேர்ணில் என் மைத்துனியிடம், நான் எந்தப் பகுதியில் பணியாற்றினேன் என்பதை முழுமையாகச் சொன்னேன். அவர் என் பக்கம் சாய்ந்து, "என்ர மகளும் ஒருக்கா வரலாமோ?" என்று கேட்டார்.

தொலைபேசியில் கேட்ட அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு என் விடை இதுவே. காப்புறுதி ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மின்தூக்கியின் கதவு வேறு. அதனை யாராவது ஒருவர் முதலில் நேரே நடந்து வந்துதான் திறக்க முடியும். மிரேய் நடந்து வந்தாள்.

ஐயா, அம்மையீர், இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் எங்கேனும் ஓர் அலுமாரியில் வைத்திருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.